வத்தல்மலைக்கு முன்னால் என் முகம்

வத்தல்மலை அடிவாரம்,
தருமபுரி மாவட்டம்.

என் உயிருக்கு நிகரான மாப்பிள்ளை மாதவராஜுக்கு, உன் தாய்மாமன் தீர்த்தகிரி, பெங்களூர் வரைக்கும் கேட்கும் குரலில் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை ராணியம்மாளும் மாடு இரண்டும் சுகம். நம் பெண் சுசித்ராவும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. அங்கு நீயும் ராதிகாவும் சுகமாயிருக்கத் தீர்த்தமலை சாமியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என் பெயர்க்காரர், நான் சொன்னால் தட்டமாட்டார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் உன் போன் பிஸியாகவே இருக்கிறது. அதிலிருந்தே நீ எவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கிறாய் என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம். இதைப் படித்ததும் நீ எனக்கு ஓர் உபகாரம் செய்ய வேண்டும். முறைப்பெண்ணை விட்டுவிட்டு நீ ராதிகாவைக் கட்டினபோது நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சொன்னேன், அதுவும் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னேன், ஆனால் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நீ சுசித்ராவைக் கட்டியிருந்தால் எனக்கு இந்த பிளக்ஸ் வேலையே வந்திருக்காது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் வத்தல்மலை எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியும். அந்த அழகை ஜில்லாவில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். பாலக்கோட்டிலிருந்து சுசித்ராவுக்குச் சம்பந்தம் வந்ததும், மாப்பிள்ளையின் தாயார் சென்னம்மாளிடம் போனில் அதைத்தான் எடுத்துச் சொன்னேன். "எங்க வாசல்ல குந்தினா நேரா மலைங்க. நடுவுல காக்காகூட குறுக்க போகாதுங்க" என்றேன். அந்தம்மா அப்படியே உருகிப்போய், "அந்த வாசல்லயே கல்யாணத்த வெச்சுக்கலாங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சந்துரு ஓசூரில் வேலை, தங்கமான பையன், உன்னைவிட உயரம். நான் போனில் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எதிரே மாரியப்பன் நிலத்தில் ஒரு டவர் எழும்பியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. செல்போன் டவர் என்று நினைத்துக்கொள்ளாதே. நாலு காலைப் பரப்பி, ஆறு கையை நீட்டி, கரண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராய் நடந்து போகிறதே, அந்தப் பெரிய டவர். மலைக்கு நெற்றிப்பொட்டு வைத்ததுபோல நட்டநடுவில் நிற்கிறது.

நட்ட சமயத்திலேயே நான் சும்மா இருக்கவில்லை. வேலை பார்த்த சூப்பர்வைசரிடம் போய், "ஏப்பா, ஒரு நாலடி அந்தப் பக்கம் தள்ளி வெச்சா என்னா?" என்று கேட்டேன். "பெரியவரே, இதென்ன கட்டிலா?" என்றான். "கட்டிலா இருந்தா உன்ன எதுக்குக் கேக்கறேன், நானே தள்ளியிருப்பேன்" என்றேன். அவன் உடனே டெல்லிக்கே போன் போட்டான். அங்கிருந்து யார் இப்படிக் கேட்கிறது என்று கேட்டார்கள். தீர்த்தகிரி என்றான். அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. பயந்திருக்கிறார்கள். பிறகு டவர் காலடியில் சுரை விதை ஊன்றினேன், கொடி படர்ந்து மூடிக்கொள்ளட்டும் என்று. அது அருமையாக வந்தது, டவரில் பாதி உயரத்துக்குப் போயிருக்கும், அதற்குள் மாரியப்பன் ஆடு தின்றுவிட்டது. உன் அத்தையைக் கேட்டால் முழங்கால் உயரம் என்பாள். அவள் வரப்பிலிருந்து பார்த்தவள், அவளுக்கு எதுவும் குட்டையாகத்தான் தெரியும்.

பெண் பார்க்க வருகிற நாள் நெருங்கிவிட்டது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களைக் கிழக்குப் பார்த்துத்தானே உட்கார வைக்க வேண்டும். நமக்கு மலையும் கிழக்கு, டவரும் கிழக்கு. நாற்காலியைத் திருப்பிப் போடலாம் என்றால் மேற்கே மாட்டுக் கொட்டாய். அப்போதுதான் எனக்கு விஞ்ஞானம் உதித்தது. கட்டைவிரலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார், டவர் என்ன, மலையே மறைந்துவிடும். மறைக்கிற பொருள் பெரிதாக இருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். ஆகவே மலையைப் படம் எடுத்து, பிளக்ஸ் அடித்து, நாற்காலிக்குக் கிட்டே சவுக்குக் கம்பில் கட்டிவிட்டால் மலைக்கு மலையும் ஆச்சு, டவரும் காணாமல் போச்சு. டவர் வருவதற்கு முன்னால் நான் செல்லில் பிடித்த போட்டோ இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தருமபுரியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் நம் சவுரியப்பனிடம் போனேன்.

சவுரியப்பன் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மலை சரிங்க. மூஞ்சி எங்கங்க?" என்றான். மலைக்கு எதுக்குப்பா மூஞ்சி என்றேன். "மூஞ்சி இல்லாம நான் இதுவரைக்கும் பிளக்ஸே அடிச்சதில்லைங்க. எழவு பிளக்ஸ்லகூட செத்தவரு மூஞ்சி, அழறவங்க மூஞ்சி எல்லாம் இருக்குதுங்க. வெறும் மலையக் கட்டினா பாக்கறவங்க கடைக்காரன் மறந்துட்டான்னு என்னத்தான் பேசுவாங்க" என்றான். அவன் தொழில் நம்மால் கெடக்கூடாது பார். சரி, ஓரமாய்ச் சின்னதாய் ஒன்று போட்டுக்கொள் என்றேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மலை உச்சியில் பௌர்ணமி மாதிரி என் முகம், கீழே கூப்பிய கை, "வருக வருக" என்று எழுத்து. அதோடு விட்டானா? மலை மொட்டையாய் இருக்கிறதே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லையாம், ஒகேனக்கல் அருவியை எடுத்து வத்தல்மலை மேலிருந்து ஊற்றிவிட்டான். அருவியில் பரிசல் வேறு. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, ஆனால் அழகு என்றால் அழகு, நிஜ மலைக்குக்கூட அந்த லட்சணம் வராது.

வந்தார்கள். வீட்டுக்குப் பின்பக்கத்து மாந்தோப்பு வழியாகக் காரை வரச் சொல்லியிருந்தேன். வழியெல்லாம் டவர்தான், அதில் நம் வாசலுக்கு எதிரே நிற்பது எது என்று காரில் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? உட்கார வைத்தேன். உட்கார்ந்தால்தான் பிளக்ஸ் மறைக்கும், நின்றால் மேலே டவர் தலை தெரிந்துவிடும், அது ஒன்றுதான் என் விஞ்ஞானத்தில் சின்ன ஓட்டை. ஆகவே யாரையும் எழுந்திருக்க விடவில்லை. சென்னம்மாள் கை கழுவ எழுந்தார்கள். "நீங்க குந்துங்கம்மா" என்று சொம்பை நாற்காலிக்கே கொண்டுபோனேன். பொண்ணை உள்ளே பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்கள். "பொண்ணே வெளிய வருமுங்க, குந்துங்க" என்றேன். "ஏங்க, எனக்குக் காலு மரத்துப் போச்சுங்க" என்றார்கள். "மலையப் பாருங்கம்மா, சரியாயிரும்" என்றேன். அந்தம்மா பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"வத்தல்மலையில அருவி எப்பங்க வந்துச்சு?"

"போன மழைக்குங்க."

"பரிசல்கூட வுடறாங்களா?"

"ஏறறது இல்லைங்க, எறங்கறது மட்டும்."

"உங்க மூஞ்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்த சந்துரு கேட்டான், "மாமா, டவர் எங்க?"

எந்த டவர் என்றேன். "சுசித்ரா தெனமும் காலையில போட்டோ அனுப்புமே, சூரியன் நடுவுல வந்து குந்தியிருக்குமே, மைனா கூடு கட்டியிருக்குமே, அந்த டவர்." பார்த்தாயா மாப்பிள்ளை, நம் பெண் நமக்குத் தெரியாமல் போனில் பேசிப் பேசி டவரைப் பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் அனுப்பிவிட்டிருக்கிறாள். நான் பதறவில்லை. "அதக் கழட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மலைக்காற்று இறங்கிற்று. சவுக்குக் கம்பு ஆடி, கயிறு அவிழ்ந்து, மலையும் அருவியும் பரிசலும் நானும் அப்படியே முன்னால் சாய்ந்து, என் முகம் கைகூப்பிய நிலையில் போய்ச் சென்னம்மாள் மடியில் விழுந்தது. பின்னால் அது நிற்கிறது, ஆறு கையையும் நீட்டிக்கொண்டு, மேலே மைனா.

உள்ளே சுசித்ரா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. சந்துரு எழுந்து போய் வரப்பில் நின்று பார்த்தான். "போட்டோல பாத்தத விட நல்லா இருக்கு மாமா. டவர் இல்லாட்டி மலை எவ்ளோ பெருசுன்னே தெரியாதுங்க. அவ்ளோ ஒசர டவரு மலை பக்கத்துல தீக்குச்சி மாதிரி நிக்குது பாருங்க" என்றான். எனக்கே அப்போதுதான் மலை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. இதை நானே முன்னால் நினைத்துத்தான் வைத்திருந்தேன், சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். பையன் முந்திக்கொண்டான்.

ஆனால் சென்னம்மாள் மடியிலிருந்த என் முகத்தைச் சுருட்டி ஓரமாய் வைத்துவிட்டு எழுந்தார்கள். உன் அத்தையைப் பார்த்து, "டவரு ஒண்ணும் தப்பில்லைங்க. டவரையே மறைச்சவரு வேற என்னென்னத்த மறைச்சிருக்காரோன்னுதான் எனக்கு ரோசனை. சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் உனக்குச் சொல்லவா வேண்டும். கார் போன பிறகு சுசித்ரா ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "இந்தக் கல்யாணம் நின்னா அது டவரால இல்லப்பா." அதோடு சரி. இப்போது தட்டை எடுத்துக்கொண்டுபோய் டவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று பாதியில் கை கழுவிவிட்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை, இரண்டு தடவைதான் போட்டுக்கொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீ செய்ய வேண்டியது இதுதான். சென்னம்மாளுக்குப் போன் போட்டு, என் மாமா வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை, ஒன்றை ஒன்றரையாகக்கூடச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று சாட்சி சொல்ல வேண்டும். படித்தவன் நீ சொன்னால் எடுபடும். சொல்லும்போது சிரிக்காதே. ராதிகாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவள் சிரித்துவிடுவாள்.

உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல், கரண்டு போகாமல், கையில் ஒரு பிள்ளையோடு அடுத்த மழைக்குள் எங்கள் வாசலில் வந்து கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
ந. தீர்த்தகிரி

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் சென்னம்மாள் உன் அத்தைக்குப் போன் செய்துவிட்டார்கள். பையன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம், சம்பந்தம் முடிவாகிவிட்டது. "உங்க வூட்டுக்காரரு பொய் சொன்னாலும் பெருசா தன் மூஞ்சியப் போட்டு, கையெடுத்துக் கும்புட்டுத்தான் சொல்றாருங்க. அப்படிப்பட்டவர யாரும் நம்பி மோசம் போகமாட்டாங்க, தைரியமா பொண்ணெடுக்கலாம்" என்றார்களாம். ஆகவே நான் பொய் சொல்லாதவன் என்று நீ தயவுசெய்து யாரிடமும் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடாதே. கல்யாணம் நம் வாசலில்தான், டவரைப் பார்த்துத்தான். மலை பிளக்ஸ் மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். டவர் பிளக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே டவரைப் படம் எடுத்துச் சவுரியப்பனிடம் கொடுத்துவிட்டேன், பந்தலுக்கு எதிரே நல்ல அகலமாய்க் கட்டப்போகிறோம். பின்னால் டவரும் மலையும் மறையும், அதனால் என்ன, அதுதான் பிளக்ஸில் இருக்கிறதே. உன் மூஞ்சியும் ஒரு ஓரத்தில் வருகிறது. கை கூப்பின போட்டோ ஒன்று உடனே அனுப்பு. அந்த டவரையே நட்ட அதிகாரி நீதான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறேன், அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கண்டிப்பாய்ப் பார்.