அட்டையில் வளர்ந்த மணி பிளான்ட்

வீட்டுக்குள் வைக்கிற செடியைக் கொல்ல அரிவாள் வேண்டாம். அக்கறை இருந்தால் போதும். நான் இரண்டைக் கொன்றிருக்கிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டினேன். அச்சான காலண்டர் தாள்களைக் கட்டுக் கட்டாக வெட்டுகிற வேலை. அந்த மிஷின் முன்னால் நின்று பேச்சில் புத்தி போனால் விரல் போய்விடும். அதனால் பேசிப் பழக்கம் இல்லை. (விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது.)

மனைவி இறந்த பிறகு, சிவகாசிக்குப் பக்கத்தில் ஆமத்தூர் வீட்டில் நான் ஒருவன்தான். மகள் ஜெபா கோயம்புத்தூரில் நர்ஸ். அங்கேயே வந்துவிடச் சொன்னாள். அங்கே போனால், அவளும் மருமகனும் வேலைக்குப் போனபின் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். ஆனால் இது என் கதவு.

ஒரு லீவுக்கு வந்தவள் ஆட்டோவிலிருந்து இரண்டு தொட்டிகளை இறக்கினாள்.

"அப்பா, இது மணி பிளான்ட். இது பாம்புச் செடி. ரெண்டும் வீட்டுக்குள்ளதான் இருக்கணும். மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி."

"எதுக்கு?"

"சாப்பிட்டீகளா, தூங்குனீகளான்னு எதக் கேட்டாலும் 'ம்'ங்கிறீக. அத வச்சு நான் என்னத்தக் கண்டேன்? செடி நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருக்கீகன்னு நெனச்சுக்கிருவேன். செத்துச்சுன்னா மூட்டையக் கட்டி என்கூட வந்துரணும்."

"ம்" என்றேன்.

"அதுககிட்ட அப்பப்பப் பேச்சுக் குடுங்க. நல்லா வளரும்."

அவள் ஊருக்குப் போன மறுநாள் மணி பிளான்ட் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. மரியாதைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். பாம்புச் செடி கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒரு செம்பு.

அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் பட்டாசு ஆலை வேன் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கிற சத்தம் கேட்கும். எனக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு செம்பு ஊற்றுவேன். மழை வந்தால் அதைச் சொல்லத் தோன்றும். ஊற்றுவேன். குழம்பு நன்றாக வந்துவிட்டால் சொல்லத் தோன்றும். அதற்கும் ஊற்றுவேன்.

இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன். (நர்ஸைப் பெற்றவன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.) மணி பிளான்ட் கருகித் தொங்கியது. பாம்புச் செடி குடிகாரன் மாதிரி சுவரில் சாய்ந்தது. நிமிர்த்தி வைக்கத் தொட்டேன். வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா வீடியோவில் வந்தாள். கேமரா ரிப்பேர் என்றேன். "அடுத்த வாரம் சரி பண்ணிக் காட்டுங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கோயம்புத்தூர் பஸ்தான் கண்ணில் ஓடியது.

புதுச் செடி வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பின்னால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. எது தேவை என்றாலும் அச்சடித்துக்கொள்ளும் ஊரில் காலம் தள்ளியவன் நான். நேராக அச்சகத்துக்குப் போனேன்.

அங்கே ஆப்செட் மிஷின் ஓட்டுகிற செல்லத்துரை என் பழைய கூட்டாளி. இரண்டும் செத்ததைச் சொல்லி, செடிகள் நன்றாக இருந்தபோது ஜெபா எடுத்து அனுப்பிய போட்டோவைக் காட்டினேன்.

"என்னலே, செத்த செடிக்குப் படம் அடிச்சு மாலை போடப் போறியா?"

"செடி எம்புட்டு உசரமோ அம்புட்டுக்கு அடி."

காலண்டர் சீசன். ஒரு ஆர்டர் தாளின் ஓரத்தில் இடம் கிடந்தது. அதில் போட்டான். முதல் தாளைப் பார்த்துவிட்டு, பச்சை தூக்கலாக இருக்கிறது, குறை என்றேன்.

"பொணத்துக்கு எதுக்குலே இம்புட்டு மேக்கப்பு?"

ஆனாலும் குறைத்தான். கழிவில் கிடந்த கனத்த காலண்டர் அட்டையில் ஒட்டி, லேமினேஷன் போட்டு, இலை இலையாகக் கத்தியால் வெட்டினேன். என் வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான். தொட்டி மண்ணில் செருகி, சுவரோரம் தள்ளி வைத்தேன்.

ஞாயிறு வந்தது.

"அப்பா! என்னா பளபளப்பு! இலையத் தொடைக்கீகளா?"

"ம்."

"கூட வேல பாக்குற பிள்ளைகள்லாம் கேக்காக, ஒங்கப்பா என்ன ஒரம் போடுறாருன்னு."

எனக்குப் பெருமையாக இருந்தது. (ஆமாம், பெருமை.) ஆனால் ஃபேன் போட்டால் செடி மொத்தமாக ஒரு பக்கம் ஆடும். அதனால் ஞாயிறுதோறும் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். வெயில் காலத்தில் ஜெபாவுக்குச் சந்தேகம் வந்தது. செடிமேல் இல்லை, என் உடம்புமேல். பிரஷர் பார்க்கச் சொன்னாள்.

மற்ற நாட்களில் பழக்கதோஷத்தில் செம்போடு தொட்டிவரை போவேன். அட்டை நனைந்தால் உப்பிவிடும். திரும்பி வந்து நானே குடித்துவிடுவேன்.

மே மாதம் ஜெபா சொல்லாமல் வந்து நின்றாள். கூடவே சாத்தூரிலிருந்து அவள் மாமியார்.

"சாத்தூர்ல ஒரு கல்யாணம்ப்பா. அத்தைக்கு ஒங்க செடியப் பாக்கணுமாம்" என்றவள், முகம் கழுவப் பின்பக்கம் போனாள். காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

காபியோடு எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மா வாசலைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், மெதுவாகத் தொட்டிப் பக்கம் போனார். மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் விளங்காது, தெரியாமல் கிள்ளிக்கொண்டு போய் நட்டால்தான் பணம் சேரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. கிள்ளினார். வரவில்லை. நகத்தை வைத்து அழுத்தினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முழுச் செடியும் கையோடு வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் நகைக்கடை விளம்பரப் பெண் கழுத்து நிறைய நகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எறும்பு ஊறுச்சுண்ணே. தட்டி விட்டேன்."

"அதுல எறும்பு ஏறாதும்மா" என்றேன். (தேவையில்லாமல் பேசாதவன், அன்று பேசினேன்.)

ஜெபா துண்டோடு வந்தாள். மாமியார் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாம்புச் செடியையும் பிடுங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மூட்டையக் கட்டுங்கப்பா."

"கவனிக்காம விட்டுச் சாகல. கவனிச்சுத்தான் செத்துச்சு."

"எம்புட்டுத் தண்ணி ஊத்துனீக?"

"பேசணும்போல இருக்கும்போதெல்லாம்."

காபி ஆறியது.

"என்கிட்டப் பேச வேண்டியதுதான?"

"நீ டூட்டில இருப்ப."

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முகத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சம்பந்தியம்மாதான் வாயைத் திறந்தார். "விடு ஜெபா. இம்புட்டு நேக்கா வெட்டி ஒட்டியிருக்காருன்னா கண்ணும் கையும் நல்லாத்தான் இருக்கு. தனியா இருந்துக்கிருவாரு." கிள்ள வந்ததை நான் சொல்லிவிடக் கூடாது என்கிற கவலை அவருக்கு. ஜெபாவுக்கு அது புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அவர் சிரித்தார். நான் கடைசியில்.

என் கதவு எனக்கே என்று தீர்ப்பானது. தண்ணீர் ஊற்றத் தோன்றும்போதெல்லாம் போன் போட வேண்டும், டூட்டியில் இருந்தாலும் போட வேண்டும் என்று நிபந்தனை. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா அந்த அட்டை மணி பிளான்ட்டைக் கேட்காமலே கொண்டுபோய்விட்டார். அவர் வீட்டு டிவி பக்கத்தில் அது இன்னும் பச்சையாக நிற்கிறதாம்.

இப்போது வேன் வருகிற நேரத்துக்குப் போன் போடுகிறேன். போட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அவளும் அவள் வேலையைப் பார்ப்பாள். பாத்திரம் உருளும், குக்கர் விசிலடிக்கும். பின்னாலிருந்து மருமகன் சத்தமாகக் கேட்பார்: "யாரு லைன்ல? மாமாவா, அட்டையா?"

அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிகிறவரை நான் போனை வைப்பதில்லை.