சின்ன ஜெட் பற்றிய என் பதினான்கு கடிதங்களும் வாபஸ்

ஹௌட்டன், மிச்சிகன்
பிப்ரவரி 23

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி லொரெய்ன் ஸ்டக்கி அவர்களுக்கு,

ஹௌட்டனிலிருந்து கேப்டன் ரெய்னோ கங்காஸ், இந்த வாரம் முதல் ஓய்வு, வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி டொலோரஸும் நலம். கூரைமேல் கிடக்கும் நான்கடிப் பனியும் அசையாமல் நலமாக இருக்கிறது. தாங்கள் முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். நம் விமானிகள் சங்க இதழில் பதினொரு ஆண்டுகளாக நான் எழுதிய பதினான்கு கடிதங்களையும் ஒரு சொல் வெட்டாமல் அச்சிட்ட தங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். அந்தப் பதினான்கையும் வாபஸ் வாங்கத்தான் இந்தப் பதினைந்தாவது கடிதம்.

அவற்றைப் படிக்காமல் தப்பித்த வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சின்ன ஜெட்டில் ஐம்பது பேர் உட்காரலாம். அதன் உடம்பில் எங்கள் நிறுவனத்தின் பெயர், வாலில் எங்கள் நிறம், டிக்கெட்டில் எங்கள் சின்னம். ஓட்டுகிறவர் மட்டும் எங்கள் ஆள் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வேலையை எடுத்துக்கொண்ட வேறு ஏதோ கம்பெனியின் ஆள். முதலில் பத்து விமானம் மட்டும்தான் என்றார்கள், பிறகு நூறு என்றார்கள், அந்த நூறு வந்த வருடமே எங்களில் முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிக் கம்பெனி ஓட்டும் ஜெட்டில் ஐம்பதுக்கு மேல் ஒரு இருக்கைகூடக் கூடாது என்று நிறுவனத்தோடு நம் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுபத்தாறு ஆக்கலாமா என்று அடுத்த மாதம் வாக்கெடுப்பு. ஆக்கினால் நம் விமானிகளின் வேலை இன்னும் கொஞ்சம் அவர்களிடம் போகும். அந்த வரியில் கை வைக்க விடக்கூடாது என்பது என் கட்சி. மற்ற கேப்டன்கள் சங்கக் கூட்டத்தில் சின்ன ஜெட்டை வாய் வலிக்கத் திட்டிவிட்டு, கூட்டம் முடிந்ததும் அதே ஜெட்டில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். நான் அப்படி இல்லை. ஹௌட்டனுக்கு அதைத் தவிர வேறு விமானம் வருவதில்லை என்பதால், பதினொரு ஆண்டுகளாக வேலைக்குப் போகும்போதெல்லாம் சிகாகோ வரை ஏழு மணி நேரம் என் டிரக்கை ஓட்டிக்கொண்டு போனேன். கொள்கை என்றால் இடுப்பும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இதில் ஒரு குடும்பச் சங்கடமும் உண்டு. என் மகள் கைசா அந்தச் சின்ன ஜெட் கம்பெனியில் விமானி. மூன்று ஆண்டுகளுக்கு முன் நன்றி நவிலும் நாள் விருந்தில், தான் கேப்டன் ஆகிவிட்டதாக முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். நான் அப்போது வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை, வாடகைக்கு வந்த கேப்டனுக்கு எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்டுவைத்தேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை முழுக்க டொலோரஸ் வழியாகத்தான். என் கடைசிப் பயணத்துக்கு வருகிறாளா என்று கேட்டனுப்பினேன். அன்று தனக்கு வேலை இருக்கிறது என்று பதில் வந்தது.

கடைசிப் பயணம் சென்ற வெள்ளிக்கிழமை மாலை, சிகாகோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய்த் திரும்புவது. திங்கட்கிழமை எனக்கு அறுபத்தைந்து வயது. அதன்பின் ஒரு நிமிடம்கூட ஓட்டச் சட்டம் விடாது. வெள்ளி தவறினால் வேறொருவர் என் இடத்தில் ஏறுவார், முப்பத்துநான்கு ஆண்டுப் பணி சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோகும். அதனால் முன்ஜாக்கிரதையாக வியாழக்கிழமையே கிளம்பினேன். பராகா ஊரைத் தாண்டியதும் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. மான் எழுந்து நடந்து போய்விட்டது, டிரக்கால் முடியவில்லை. இழுவை வண்டிக்காரர் என்னை வீட்டில் கொண்டுவந்து போட்டார். டொலோரஸ் அதற்கு முன்பே, எனக்குத் தெரிந்தே, என் கடைசிப் பயணத்தில் கூட வருவதற்காக மகள் ஓட்டும் விமானத்தில் சிகாகோ போயாயிற்று. வெள்ளி காலை பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கி இரண்டு மைல் போவதற்குள் பனிப்புயலால் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஹௌட்டன் விமான நிலையத்தில், முழுச் சீருடையில், கையில் டொலோரஸ் சுட்டு வைத்துவிட்டுப் போன, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி ரொட்டியோடு, எந்த விமானத்தைப் பதினான்கு கடிதங்களில் கிழித்துத் தொங்கவிட்டேனோ அதன் வரிசையில் நின்றேன்.

வாசலில் டிக்கெட் பார்க்கும் ஷார்லீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐம்பது சீட்டும் ஃபுல்லு, ரெய்னோ. காக்பிட்ல மடக்கு சீட்டு ஒண்ணு இருக்கு. கேப்டன் சரின்னா போகலாம். கேப்டன் யாருன்னு நான் சொல்லட்டுமா, நீங்களே போய்ப் பாத்துக்கிறீங்களா?"

நம் தொழிலின் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. எவ்வளவு பெரிய விமானம் ஓட்டுகிறவனாக இருந்தாலும், இன்னொருவர் விமானத்தில் அந்த மடக்கு இருக்கை வேண்டுமென்றால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காக்பிட் வாசலில் நின்று, கேப்டனை நேரில் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. நான் குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டு, வாசலில் நின்றேன். இடது இருக்கையில் கைசா. திரும்பவில்லை. வலது இருக்கையில் இருந்த துணை விமானி என் பெயர்ப் பட்டையைப் பார்த்தார், அவள் பட்டையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியே பனியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"கேப்டன், உங்ககூட சிகாகோ வரைக்கும் வரலாமா?" என்றேன். அவளை அந்தச் சொல்லால் நான் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"லைசென்ஸ், அடையாள அட்டை."

கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "போட்டோல இருக்கிறவருக்கு முடி இருக்கே" என்றாள். துணை விமானி இருமினார். பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"வாடகைக்கு வந்தவங்க பின்னாடி உக்காந்து பழக்கம் இருக்கா சார்?"

"இல்ல, கேப்டன். அன்னிக்கு நான் பேசினது தப்பு. உக்கார அனுமதி கேட்டு நிக்கிறேன்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "பெல்ட்டைப் போட்டுக்கங்க. பத்தாயிரம் அடி வரைக்கும் வேலையைத் தவிர வேற பேச்சு கிடையாது. உங்களுக்கும்தான்."

அந்த மடக்கு இருக்கையைப் பற்றித் தனிக் கடிதம் எழுதலாம். என் முழங்கால்கள் காதுகளை விசாரித்துக்கொண்டிருந்தன. சட்டப்படி வாயைத் திறக்க முடியாது. என் வாழ்நாளில் முதல் முறையாக என் மகள் செய்யும் ஒரு வேலையைப் பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். இறக்கையில் பனியை மூன்றாவது தடவையும் கழுவச் சொன்னாள், தாமதமானாலும் பரவாயில்லை என்று. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டாவது தடவையோடு நிறுத்தியிருக்கவும் கூடும். பத்தாயிரம் அடி தாண்டியதும் பேஸ்டியை மூன்றாகப் பிட்டேன். தொட்டுக்கொள்ளக் கெட்சப்பா கிரேவியா என்று துணை விமானி கேட்டார், இரண்டும் இல்லை என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொன்னோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சிகாகோவில் பக்கவாட்டுக் காற்று முப்பது நாட் வேகத்தில் அடித்தது. என் பெரிய விமானத்தில் மாதம் மூன்று முறை தரையிறக்குவேன். அவள் அன்றைக்கு மட்டும் ஐந்து முறை. குறை கண்டுபிடிக்க நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன் ஆசிரியரம்மா, என் கால்கள் இல்லாத பெடல்களை மிதித்துக்கொண்டே இருந்தன, அவளோ காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்து, முதலில் ஒரு சக்கரம், பிறகு மறு சக்கரம் என்று நிதானமாக வைத்தாள், அவள் பக்கத்திலிருந்த காப்பிக் கோப்பைகூட ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அச்சிலும் போடுங்கள். அந்த ஐம்பது பேரிடமும் போய், ஓட்டினது என் பொண்ணு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன், வழி மறிக்கிறேன் என்று பணிப்பெண் தடுத்ததால் மற்றவர்கள் தப்பித்தார்கள்.

நன்றி சொல்லக் காக்பிட்டுக்குத் திரும்பினேன்.

"திங்கக்கிழமை வீட்டுக்கு எப்பிடிப் போவீங்க, அப்பா? டிரக் பட்டறையில இருக்காமே."

"நீ எப்பப் போற?"

"காலைல எட்டு மணிக்கு."

"அப்ப எட்டு மணிக்கு."

ஆம்ஸ்டர்டாம் போய்த் திரும்பியதும் ஓய்வு மரியாதையாகத் தீயணைப்பு வண்டிகள் விமானத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சியது, கேக் வெட்டியது எல்லாம் வழக்கம்போல. எழுத ஒன்றும் இல்லை. ஆகவே, ஆசிரியர் அவர்களே, சின்ன ஜெட்டில் பெரிய கேப்டன்கள் இருக்கிறார்கள் என்றும், இருக்கை எழுபத்தாறு ஆனால் வானம் இடிந்து விழாது என்றும், என் பதினான்கு கடிதங்களும் இனிச் செல்லாது என்றும் கொட்டை எழுத்தில் அறிவிக்க வேண்டுகிறேன். தங்கள் புது முழங்கால் பழையதைவிட நெடுநாள் உழைக்கட்டும். இதழ் தாமதமின்றி வரட்டும். இதைப் படிக்கும் விமானிகள் அனைவருக்கும் பதமான காற்றும் உலர்ந்த ஓடுபாதையும் அமையட்டும்.

அன்புடன்,
ரெய்னோ கங்காஸ்

பி.கு.: உறையை ஒட்டும் முன், எங்கள் வீட்டுச் சவுனாவில் வெந்நீராவிக் குளியலுக்கு வந்த கைசா இதைப் படித்துவிட்டாள். நம் நிறுவனத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், மார்ச்சில் பயிற்சி. என்னிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிய சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், முகம் சிவந்து, "இப்பவா வாபஸ் வாங்குவீங்க? பணிமூப்புப் பட்டியல்ல நான்தான் கடைசி ஆளு. எழுபத்தாறு ஆக்கினா முதல்ல வீட்டுக்கு வர்றது யாரு?" என்று ஒரு பிடி பிடித்தாள். என் ஒன்பதாவது கடிதத்தின் மூன்றாவது பத்தியை மனப்பாடமாக ஒப்பித்து, அது போதுமான காரமில்லை என்றாள். எனக்கே மறந்துபோன பத்தி. எனவே மேலே எழுதியதைத் தயவுசெய்து அடுப்பில் போடுங்கள். அவள் எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஐம்பதே அதிகம், அதையும் குறைக்க வேண்டும் என்கிறாள். நம் நிறுவனத்தில் சேர்ந்ததும் அவள் மறுபடி துணை விமானிதான். ஆனாலும் பெயருக்கு முன்னால் கேப்டன் என்றே அச்சிடுங்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கூப்பிட்ட பெயர் அது.