நியூட்ரான் கூடத்து நோண்டி

நோண்டி என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. ஓடாததை ஓட வைப்பவர் கெட்டிக்காரர்; ஓடுவதை இன்னும் நன்றாக ஓட வைக்கப் போய் நிறுத்துபவர் நோண்டி. உலகத்தைப் படைத்த ஆண்டவனே ஓரிடத்தில் "போதும்" என்று கையை எடுத்தான். நோண்டி எடுப்பாரா?

நான் சொல்லும் நோண்டி ஒரு பொறியாளர். நீளமான குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விரட்டு விரட்டென்று விரட்டி, கோடியில் இருக்கும் உலோகத் தட்டில் மோத விட்டால் நியூட்ரான்கள் தெறிக்கும்; அவை இரும்புக்குள்ளும் புகுந்து, உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும். அந்த இயந்திரத்தை உருவாக்குவதுதான் அவர் வேலை. நாள்பட்ட நோயாளிபோல் முனகிக்கொண்டே இருந்த அது, அன்று காலை ஆண்டவன் புண்ணியத்தில் சீராக ஓடியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நோண்டிக்கு விரல் நமைத்தது.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, வெல்டிங்கில் பற்றவைத்த இரும்புத் துண்டொன்றை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மாலைக்குள் படம் கிடைக்காவிட்டால் அவள் முறை போய்விடும்; பட்டமும் அடுத்த வருஷம்தான்.

"அண்ணா, நல்லாத்தானே ஓடுது? தொடாதீங்கண்ணா."

"நான் எங்கம்மா தொட்டேன்? கொஞ்சூண்டு கூட்டினா ஜம்முனு இருக்கும்னு சொன்னேன்."

இயந்திரத்தை ஓட்டும் அக்கா விவரமானவர். நோண்டியின் இரண்டு கையிலும் சுடச்சுட டீயைக் கொடுத்து உட்கார வைத்தார். கை அடங்கியது. மனம்? அது இயந்திர அறைக் கதவுக்குப் போனது. கதவு சரியாக மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது என்று பச்சை விளக்கு சொல்கிறது. விளக்கு பொய் சொன்னால்? இரண்டு டீயையும் மடமடவென்று குடித்துவிட்டுப் போய், கதவு மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

கதவு திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். ஆட்களைக் காப்பாற்ற அவரே செய்த ஏற்பாடு. நின்றது.

"பாத்தீங்களா, பாதுகாப்பு எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது!" என்றார், பூரித்துப்போய்.

மாணவி முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா வெளியே போய் நோண்டியின் மனைவிக்குப் போன் போட்டார். "அண்ணி, எதாவது சாக்குச் சொல்லி அவர வீட்டுக்குக் கூப்பிடுங்களேன்."

"ஐயோ, வேணாம்மா! இங்க இப்பத்தான் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சிருக்கு. அங்கேயே வெச்சுக்கோங்க, புண்ணியமாப் போகும்."

மதியம் கழிந்து ஒருவழியாக இயந்திரம் மறுபடி உயிர் பெற்றது. உடனே அக்கா, மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைத் தூசி தட்டி நோண்டியின் முன்னால் வைத்தார். வரிசையாகத் திருகும் குமிழ்கள். அதன் கம்பியோ மேஜைக்கு அடியில் எதிலும் சேராமல் தொங்கியது.

"அண்ணா, இத நீங்கதான் பாக்கணும். உங்க கை பட்டாத்தான் சரியா வரும்."

நோண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். இடம் ஒரு சுற்று, வலம் அரைச் சுற்று, உதட்டில் வேண்டுதல், நெற்றியில் வியர்வை. அந்தப் பக்கம் திரையில் படம் மெல்ல மெல்ல எழும்பியது. பற்றவைத்த இடத்துக்குள்ளே மயிரிழைபோல், அவள் தேடிய விரிசல்! மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாம்மா, கால் சுத்துத் திருப்பினேன், எப்படித் தெளிஞ்சுது!"

"நீங்க இல்லேன்னா வந்தே இருக்காதுண்ணா."

பொய்தான். ஆண்டவன் மன்னிப்பான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களிடம் யாராவது, "இத நீங்க பாத்தாத்தான் சரியா வரும்" என்று ஒரு வேலையைத் தந்து, அன்பாக நாற்காலியும் போட்டுக் கொடுத்தால், நிம்மதியாகத் திருகிக்கொண்டிருங்கள். மேஜைக்கு அடியில் மட்டும் குனிந்து பார்க்காதீர்கள்.