பதினான்காவது முத்திரை

பெட்டிக்குள் முத்திரை இல்லை. அதைக் கட்டியிருந்த கயிறு மட்டும் இருந்தது.

வெண்டலின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். மறுமுனையில் முத்திரை தொங்கிக்கொண்டு வரும் என்று நம்பி அல்ல. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. "முத்திரை பழுதுபார்க்கப் போயிருக்கிறது. கீழே விடுதியில் கேட்கவும்."

எழுத்தில் மை இன்னும் காயவில்லை. இப்போதுதான் போயிருக்கிறது, எட்டிப் பிடித்துவிடலாம் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மணி இரண்டு பத்து. அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஐந்து மணியோடு மாவட்டத்துக் கோட்டைகள் எல்லாவற்றிலும், வருகிறவர்கள் தங்கள் ஏட்டில் குத்திக்கொள்ள வைத்திருக்கும் முத்திரைப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். இனி ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். அப்போது ஏடும் புதிது, கணக்கும் புதிது. ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வெண்டலின் எதையும் தொடங்குவதில் வல்லவர். அதுதான் பிரச்சினையே. அவர் வீட்டுக் குளியலறையில் ஓடு இடுப்பு உயரம் வரை ஏறி ஆறு வருஷமாக அங்கேயே நிற்கிறது. மாடிப்படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. மேலே போகலாம், இறங்கும்போது கடவுள் விட்ட வழி. மூன்று வாரத்துக்கு முன் அவர் மனைவி ரோஸ்வித்தா துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"ஒரே ஒரு காரியம். தொடங்கின ஒண்ணை முடிச்சுக் காட்டுங்க. மறுநாளே திரும்பி வந்துடறேன். இது சத்தியம்."

ரோஸ்வித்தா சொன்ன சொல் தவறாதவள். வெண்டலின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பாதியில் நின்ற வேலைகளில் எது சுலபமோ அதைத் தேடினார். மேசை இழுப்பறையில் கோட்டை ஏடு அகப்பட்டது. கோட்டைக்கு ஒன்றாகப் பதினான்கு கட்டங்கள், மூன்றில் முத்திரை. இன்னும் பத்தை மூன்று வார இறுதிகளில் முடித்தார். அந்தப் பத்துக் கோட்டைகளைப் பற்றி இப்போது கேட்டால், பெட்டி கதவுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று மட்டும் சொல்வார்.

மிச்சம் இருந்தது இந்த ஹோலர்ஸ்டைன் இடிபாடு ஒன்றுதான். நேற்று ராத்திரியே ரோஸ்வித்தாவுக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொல்லியும் விட்டார்.

விடுதிக்காரி ஆஃப்ரா கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முத்திரையா? எத்தனை ஆச்சு உங்களுக்கு?"

"பதிமூணு."

"ஐயோ பாவம்!" என்றாள் ஆஃப்ரா.

முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு இரக்கமா என்று வெண்டலின் நெகிழ்ந்துபோனார்.

"உக்காருங்க. வெங்காயக் கேக் இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தேன். சாப்பிட்டாத்தான் சொல்வேன்."

"நேரமில்லைம்மா."

"என் கேக்கை வேண்டாம்னவங்க யாரும் இந்த ஊர்ல நல்லா இருந்ததில்லை."

உட்கார்ந்தார். கேக் வந்தது. கூடவே பொங்கிக்கொண்டிருந்த புது ஒயின் ஒரு குவளை வந்தது. பழச்சாறு மாதிரி இருக்கிறதே என்று குடித்தார். அவர் கேட்காமலே இரண்டாவது வந்தது. அதையும் குடித்த பிறகுதான் ஆஃப்ரா வாயைத் திறந்தாள்.

"முத்திரை கிலியான்கிட்ட இருக்கு. கோட்டைக் காப்புச் சங்கத் தலைவர். பழத்தோட்டத்துல ஆப்பிள் பிழிஞ்சிட்டிருப்பாரு. ரெண்டு கிலோமீட்டர்."

வெண்டலின் கார்ச் சாவியை எடுத்தார்.

"ரெண்டு குவளை குடிச்சுட்டுக் காரா?" என்றாள் ஆஃப்ரா, அவற்றை ஊற்றிக் கொடுத்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "பாலத்துக்கிட்ட போலீஸ்காரர் நிக்கிறாரு. என் அத்தை பையன்தான். ஆனா எனக்கே அபராதம் போட்டவன்."

நடந்தார். மணி மூன்று பத்துக்குத் தோட்டம் வந்தது. கிலியானுக்கு எழுபது வயதிருக்கும். தாடியில் ஆப்பிள் சக்கை ஒட்டியிருந்தது.

"முத்திரை குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி. ஆனா சங்கத்துக்கு ஒரு விதி இருக்கு. கோட்டையை முழுசாப் பார்த்தவங்களுக்குத்தான்."

"அங்கேருந்துதானே வரேன்!"

"பெட்டியைப் பார்த்தீங்க. கோட்டையைப் பார்த்தீங்களா?"

இருவரும் மலையேறினார்கள். கிலியான் மரத்துக்கு மரம் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கும்போதெல்லாம் வரலாறு சொன்னார்.

ஹோலர்ஸ்டைன் கோட்டையில் இன்று நிற்பது ஒன்றரைச் சுவர். அதைச் சுற்றிக் காட்ட அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

"இதுதான் பெரிய கூடம்."

"எது?"

"இந்தக் காஞ்சொறிப் புதர். இதுல அறுபது பேர் உக்காந்து விருந்து சாப்பிட்டாங்க."

"சரி. முத்திரை?"

"அவசரப்படாதீங்க. இங்க ஒரு படிக்கட்டு இருந்துச்சு."

இதையாவது ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று வெண்டலின் ஓர் அடி முன்னால் வைத்தார். அடுத்த கணம் அகழிக்குள் முழங்கால் ஆழச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். ஏட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

மேலேயிருந்து கிலியான் எட்டிப் பார்த்தார். "இருந்துச்சுன்னுதானே சொன்னேன்? இருக்குன்னா சொன்னேன்?"

கரையேறியதும் வெண்டலின் சேறு சொட்டச் சொட்டக் கையை நீட்டினார். "பார்த்துட்டேன். முழுசாப் பார்த்துட்டேன். உள்ளேயும் பார்த்துட்டேன். முத்திரையைக் குடுங்க."

கிலியான் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். பிறகு தாடியைத் தடவினார்.

"அடடா. அதைத் தீயணைப்புக் கொட்டகையில இல்ல குடுத்தேன், பிடி ஆடுதுன்னு."

மணி நான்கு இருபத்தைந்து. வெண்டலின் ஓடினார். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடினார். மற்றது அகழியில் இருந்தது. கொட்டகை பூட்டியிருந்தது. கதவில் ஒரு துண்டுச் சீட்டு. "முத்திரைக்கு விடுதியில் கேட்கவும்."

அதைப் படித்ததும் அவருக்குள் ஏதோ அறுந்தது. கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ரோஸ்வித்தா சொன்னது சரிதான் என்று தோன்றியது. தன்னால் ஒரு கோட்டையைக்கூட முடிக்க முடியாது. அதுவும் வேறு யாரோ கட்டி, வேறு யாரோ இடித்து, முக்கால்வாசி வேலை முடித்து வைத்த கோட்டையை. இனி அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு தலையணை. இருட்டில் படி இறங்கும்போது "பார்த்து, பார்த்து" என்று கத்த ஆள் இருக்காது.

கால் தானாக விடுதிக்கு நடந்தது. மணி நான்கு ஐம்பது. கிலியான் அங்கே வந்து உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்.

"கிடைக்கலையா?" என்றாள் ஆஃப்ரா. குரல் தேன் மாதிரி இருந்தது. "போனாப் போகுது விடுங்க. இன்னொரு துண்டு கேக் தரட்டுமா?"

"நானே எடுத்துக்கறேன்மா. இனி எனக்கு என்ன அவசரம்?" என்றார் வெண்டலின். கல்லா மேலிருந்த தட்டின் துணியைத் தூக்கினார்.

"அதுல வேண்டாம்!" என்று ஆஃப்ரா பாய்ந்து வந்தாள்.

துணிக்கு அடியில் கேக் இல்லை. ஒரு முத்திரை இருந்தது. மரப்பிடி, அடியில் ரப்பரில் ஒன்றரைச் சுவர். பிடி கொஞ்சமும் ஆடவில்லை.

எப்படி இங்கே வந்தது, ஏன் வந்தது என்றெல்லாம் யோசிக்க அவருக்கு நேரமில்லை. மைப்பெட்டி இல்லை. முத்திரையை நாக்கில் வைத்து ஈரப்படுத்தினார், ஏட்டை விரித்தார், இரண்டு கையாலும் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். ஹோலர்ஸ்டைன் கொஞ்சம் சாய்ந்து, வெங்காய வாசனையோடு, பதினான்காவது கட்டத்தில் விழுந்தது.

மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"முடிச்சுட்டேன்!" வெண்டலினின் குரல் உடைந்தது. "வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணை முடிச்சுட்டேன்! பாருங்க, பதினாலு!"

கண்ணீரும் சேறும் கலந்து கன்னத்தில் வழிந்தது. யாராவது கை தட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் தட்டவில்லை. ஆஃப்ரா துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். கிலியான் குவளையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஏய் ஆஃப்ரா," என்றார் அவர், "'வாய் தவறிச் சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேன், என் புருஷனுக்கு மட்டும் அந்த முத்திரை கிடைச்சுடாம பார்த்துக்கங்க'ன்னு காலையில இங்க உக்காந்து அழுதுட்டுப் போச்சே ஒரு அம்மா, அதுக்கு இப்ப யாரு போன் பண்ணிச் சொல்றது?"