குதிரைக்கு எத்தனை பாயிண்ட்?

செஸ் ஆடும் புரோகிராம் எழுதக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அது உலகத்தையே ஜெயிக்க வேண்டும் என்றுதான் கிளம்புவார்கள். அது மட்டமாக ஆட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற ஒரே ஆள், எங்கள் ராயபுரம் கிரேன்தான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து டோல்கேட் பகுதியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் பாடத்துக்கு நடுவே உள்ளே வந்து, பெஞ்சு முனகும்படி உட்கார்ந்தார்.

"வாத்யாரே, எம் பொஞ்சாதி ஸ்டெல்லா செத்து வருசமாவுது. ஞாயித்துக்கெழம பூசை முட்ச்சிக்கினு வந்தா ரெண்டு பேரும் செஸ்ஸு ஆடுவோம். அவ ஆடுற மாரியே ஆடுற ஒண்ண நானே செய்யணும். எத்தப் படிக்கிறது?"

"அவங்க எப்படி ஆடுவாங்க?"

"குதிரைய மட்டும் வுட மாட்டா. ராணி போனா போவட்டும்பா. கேட்டா, குதிர வாயில்லாத ஜீவனாம்."

"யானைக்கு மட்டும் வாய் இருக்கா?"

"நானும் கேட்டேன். அது பெரிய ஒடம்பு, தன்னால பொய்ச்சிக்கும்னுட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பாடம் தேடும் படலம் ஆரம்பமானது. முதலில் வீடியோக்கள். பாதி நேரம் சேனலுக்குச் சந்தா கேட்டார்கள். "இவன் எப்போ ஆட்டத்துக்கு வருவான்?" என்று கிரேன் திரையை அதட்டினார். அடுத்து, ஒரு தடித்த புத்தகத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். ஆரம்பத்திலேயே சூத்திரம் வந்தது. மறுவாரம் முக்குக் கடையில் பஜ்ஜி அந்தப் பக்கங்களில்தான் வந்தது.

பிறகு ஏஐயிடம் கேட்டோம். அது மூச்சு விடுவதற்குள் முழு புரோகிராமையே எழுதிக் கொடுத்து, ஆட்டத்தில் அவரையும் சட்டென்று மடக்கிவிட்டது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

"இன்னாத்துக்குடா தட்றீங்க? ஸ்டெல்லா என்னிக்கிடா இப்டி கொலகாரி மாரி ஆடினா?"

எந்தப் பாடத்தைத் திறந்தாலும் ஒரே வாய்ப்பாடு: சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கு மூன்று, ராணிக்கு ஒன்பது. அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "எந்தக் கய்த சொல்ச்சி, குதிர மூணுன்னு?"

கடைசியில் யாரோ ஒரு கல்லூரி மாணவி எழுதிய எளிய இணையப் பக்கம் கிடைத்தது. பலகை அமைப்பது, காயை நகர்த்துவது, காய்க்கு மதிப்புக் கொடுப்பது என்று படிப்படியாகப் போனது. நடுவில் ஒரு வரி: இந்த மதிப்புகளை உங்கள் விருப்பப்படி மாற்றிப் பாருங்கள். கிரேன் அதை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

அப்புறம் மனுஷன் நகரவில்லை. கிரேன் ஓட்டிய அந்தப் பருத்த விரல் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று எழுத்து விழும். அழித்து அழித்து அடித்தார். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்துவிட்டது.

"குதிரைக்கு எவ்ளோ போட்லாம், வாத்யாரே?"

"ராஜாவுக்கு மேல மட்டும் போயிடாதீங்க."

"சரி. ராஜாவுக்குக் கீழ, மத்த எல்லாத்துக்கும் மேல."

ஆட்டம் தொடங்கியது. அவர் தள்ளிய சிப்பாய் ஒன்று எதிரியின் ராணியையும் குதிரையையும் ஒருசேர மிரட்டியது. கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்து, குதிரையை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ராணி வெட்டுக்கு நின்றாள்.

"அவளேதான்," என்றார்.

"ராணியை எடுங்க, ஜெயிச்சிடலாம்," என்றேன்.

"இன்னா வாத்யாரே... அவ ராணிய நான் என்னிக்கி எட்த்துக்கீறேன்?"

ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். தோற்கும் வரை ஆடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இப்போது எண்ணூரில் மகள் வீட்டில் இருக்கிறார். புரோகிராமும் கூடவே போய்விட்டது. வகுப்பில் நான் இன்றும் குதிரைக்கு மூன்று என்றுதான் சொல்லித் தருகிறேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறேன். அந்த மனுஷன் சண்டைக்கு வர மாட்டாரா என்று இருக்கிறது.