நுரைத்தம்பியின் சவர்க்காரத் தண்ணீர்

விஞ்ஞானத்தின் மெய்யியலைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்துகாட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் கொழும்பு வெள்ளவத்தையில் பிரிட்ஜ் திருத்துகிற கடை வைத்திருக்கிறார்.

காஸ் எங்கே கசிகிறது என்று பார்க்கக் குழாயெல்லாம் சவர்க்கார நுரை பூசுவதால் ஒழுங்கை முழுவதற்கும் அவர் நுரைத்தம்பி. என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"காஸை ஒருத்தரும் கண்ணால காணேல்லை, அண்ணை. நுரை கிளம்பினால் அதிலை ஓட்டை. கிளம்பாட்டி வேற இடம் பாக்கோணும். அவ்வளவுதான்."

அவருடைய கடையில் வேலை செய்யாத எதற்கும் இடமில்லை. கலண்டரில்கூடச் சாமிப் படத்தை வெட்டிக் கோயிலில் கொடுத்துவிட்டுத் திகதியை மட்டும் ஒட்டியிருப்பார். ஒருநாள் கலியாணத் தரகர் ஒன்பது பொருத்தம் என்று ஒரு சாதகத்தோடு வந்தார்.

"எட்டெண்டால் என்ன நடக்கும், ஒன்பதெண்டால் என்ன நடக்கும்? வித்தியாசத்தைச் சொல்லுங்கோ, கட்டுறன்."

தரகர் குடையை மறந்துவிட்டுப் போனார். குடை விரிந்து சுருங்கியதால் கடையில் இருக்க அனுமதி கிடைத்தது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கந்தோர் வேலையோடு முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தின் பொருள் அது நடைமுறையில் உண்டாக்கும் வித்தியாசத்தில் இருக்கிறது என்கிற பயன்வழிவாதம் விஞ்ஞான மெய்யியலை எப்படி மாற்றியது என்பது என் ஆய்வு. இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. "ஆர் ஆர் என்ன சொன்னவை எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள். இதுதான் கடைசித் தரம்," என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் ஐந்து நாள். அழாத குறை.

அந்த நேரம் பார்த்து என் பிரிட்ஜும் படுத்தது. வந்த நுரைத்தம்பி என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன்.

"கோட்பாடு எண்டது உலகத்தின்ர படம் இல்லை, தம்பி. ஒரு ஆயுதம். சோதனையிலை உதவினால் வைச்சிருப்பம், உதவாட்டி மாத்துவம்."

"இது ஸ்பேனர் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியுமே. இதுக்கு ஏன் நூற்றியெண்பது பக்கம்? வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். ஒவ்வொரு பந்திக்கும் ஒரே கேள்வி: "இது இல்லாட்டி என்ன குறையும்?" ஒன்றும் குறையாது என்றால் வெட்டு. என் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் கைவைத்தபோது கெஞ்சினேன்.

"தம்பி, அது நல்ல வடிவாயிருக்கு!"

"கலண்டர்ப் படமும் வடிவுதான்."

படுத்த பிரிட்ஜுக்குள் இருந்த பாரைமீன் நாறத் தொடங்கியபோது தொண்ணூறு பக்கம் மிஞ்சியிருந்தது. "இதிலை ஒராள்கூட ஒரு வேலையும் செய்யேல்லையே, அண்ணை," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சவர்க்கார நுரையை முதல் அத்தியாயத்திலேயே வைத்து, மெய்யியலாளர்களை அதன் பின்னால் வரிசையில் விட்டேன். பேராசிரியை முதல் தடவையாகச் சிரித்தார். ஆய்வு தேறியது.

நன்றிப் பக்கத்தில் "நுரைத்தம்பிக்கு" என்று ஒரே வரி போட்டு, ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"நன்றி சொன்னதாலை இப்ப என்ன வித்தியாசம், அண்ணை?"

எனக்குக் கொஞ்சம் சுட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன கிழமை பிரிட்ஜுக்கு ஒரு றப்பர் வாங்கப் போனேன். ஸ்பேனர்களுக்கு மேலே, தூசு துடைத்த கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த நன்றிப் பக்கம். அவருடைய கடையில் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிற ஒரே பொருள் அதுதான். என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை.