இளைஞர்களை வளர்க்கும் கேப்டன்

மனித இனத்தில் 'இளைஞர்களை வளர்ப்பவர்' என்றொரு வகை உண்டு. நாற்பதை நெருங்கிய வயது, கிரிக்கெட் அணி ஒன்றின் கேப்டன் பதவி, மூன்றாவதாக மட்டை பிடிக்கும் நிரந்தர உரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவரைக் கண்டால் ஐயமே வேண்டாம். அவர்தான்.

எங்கள் வெள்ளானூர் அணிக்கு வாய்த்தவர் கலியமூர்த்தி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். அணியோ, ஒரு ஞாயிறு நூற்றெண்பது ரன் குவிக்கும்; மறு ஞாயிறு நாற்பத்தொன்றில் சுருண்டு, சோறு வேகுமுன்பே வீடு திரும்பும். காரணம் கேட்டால், "யங் டீமுப்பா! பசங்க வளர்றானுங்க" என்பார். எப்படி வளர்ப்பார் தெரியுமா? நன்றாக ஆடியவனுக்குத் தலைக்கனம் வராதிருக்க அடுத்த வாரம் எட்டாவது இடம். சொதப்பியவனுக்குத் தன்னம்பிக்கை பிறக்க முதல் இடம். மட்டையாளர் இருவரும் ஒரே முனையில் சிக்கிக்கொண்டால், கோட்டுக்குள் முதலில் வந்தவர் யாராயினும், இளையவரே வெளியேறி அவுட்டாக வேண்டும் என்பது அவர் வகுத்த மரபு. விட்டுக்கொடுப்பதும் பயிற்சியாம்!

எண்பத்தெட்டாம் ஆண்டில் ஒரு ஞாயிறு. பத்தொன்பது வயது ஜேசுராஜின் ஆட்டத்தைப் பார்க்க, ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரி ஆவடி மைதானத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் தொழிற்சாலை அணியில் இடம், இடத்தோடு வேலை. விக்கெட் கீப்பர் பஷீருதீன் ஆட்டவரிசைத் தாளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, போன வாரம் எழுவது அட்ச்சவன எட்டாவதா போட்டுக்கீற?"

"அட்ச்சான் இல்ல? அதான். பொறுமை கத்துக்கட்டும். சின்னப் பையன், இன்னும் எவ்ளோ காலம் கீது!"

"அவனுக்குக் காலம் கீது. அந்த ஆபீசரு சாய்ங்காலமே போயிடுவாரே!"

கேப்டனின் காதில் அது விழவில்லை.

ஆறு விக்கெட்டுகள் சரிந்தபின் ஜேசுராஜ் இறங்கினான். எதிர்முனையில் கலியமூர்த்தி, நாற்பது நிமிடம் நின்று சேர்த்த ஒன்பது ரன்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பையன் வரிசையாக நான்கு பவுண்டரி அடித்தான். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஓவரில் கேப்டன் பந்தைத் தட்டிவிட்டு, "வா, வா!" என்று ஓடினார், பாதிவழியில் "வேணா, வேணா!" என்று திரும்பினார். அதற்குள் ஜேசுராஜின் மட்டை கோட்டுக்குள் வந்திருந்தது. இருவரும் ஒரே முனையில்.

"போடா, போ," என்றார் கேப்டன், பெருந்தன்மையோடு.

ஜேசுராஜ் அதிகாரியைப் பார்த்தான். மட்டையை எடுக்கவில்லை.

"நீ போ அண்ணாத்தே. நான் இன்னும் வளரணும்ல?"

மைதானமே சிரித்தது. கேப்டன் போனார். ஜேசுராஜ் ஐம்பத்திரண்டு அடித்தான். அணி வழக்கம்போல் தோற்றது. பையனுக்கு வேலை கிடைத்தது. "நான் வளர்த்த பையன்," என்று கலியமூர்த்தி டீக்கடைதோறும் சொல்லிவந்தார்.

சிரிக்கிறீர்களா, ஐயா? நல்லது. உங்கள் அலுவலகத்தில் திறமையாக வேலை செய்யும் புதியவரைப் பற்றி, "அவனுக்கென்ன, வயது இருக்கிறது" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நினைவில்லையென்றால் கவலை வேண்டாம். அவருக்கு நினைவிருக்கும்.